ஜெயித்தவர் டெல்லியில், பிணை ஏற்காட்டில்

எலெக்ஷனுக்கு ஜீப் விடுகிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: வேட்பாளர் ஜெயித்தாலும் தோற்றாலும் மறுநாளே காரேறிப் போய்விடுவார், ஜீப்காரன் மட்டும் அதே ஸ்டாண்டில், ஆத்திரப்பட்டவர்கள் யாரும் சுலபமாகத் தேடிப் பிடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டிருப்பான்.

அடுத்தவனுக்காக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கல்யாணத் தரகு பேசியிருப்பீர்கள், கடனுக்கு ஜாமீன் போட்டிருப்பீர்கள். நான் பார்லிமெண்டுக்கே ஜாமீன் போட்டவன். அடிவாரத்தில் மூட்டை தூக்கி, லாரியில் கிளீனராகத் தொங்கி, ஒரு எஸ்டேட் கழித்துவிட்ட ஜீப்பைப் பேரம் பேசி வாங்கி, ஏற்காட்டு ஸ்டாண்டில் நிறுத்தியவன். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. கோபம் மட்டும் மூக்கு நுனியில் தயாராக இருக்கும்.

கட்சிகளின் பெயரை எழுதப் போவதில்லை. எல்லாருக்கும் ஓட்டியிருக்கிறேன், எல்லாரோடும் சண்டை போட்டிருக்கிறேன். டெல்லிக் கட்சி ஒன்று. மெட்ராஸ் கட்சிகள் இரண்டு. எங்கள் ஊரில் அவற்றின் ஆபீஸ் இருந்த இடத்தை வைத்து ஏரிக்கரைக் கட்சி, பஸ் ஸ்டாண்டுக் கட்சி என்று சொல்லிக்கொள்கிறேன். கரடியூருக்கு அந்தாண்டை இருக்கிற அந்த ஊரின் பெயரையும் மாற்றி மேட்டுக்காடு என்று வைத்திருக்கிறேன். உண்மைப் பெயரை எழுதினால் அங்கிருந்து இன்றைக்கும் யாராவது கிளம்பி வந்துவிடுவார்கள்.

பேசுகிற ஆளும் நானே

எமர்ஜென்சி முடிந்து வந்த பார்லிமெண்ட் எலெக்ஷன். டெல்லிக் கட்சியும் ஏரிக்கரைக் கட்சியும் கூட்டு. சேலத்திலிருந்து வந்த ஏஜெண்ட் ஜீப்புக்கு ஒரு வாடகை, மைக் செட்டுக்கு ஒரு வாடகை, மைக்கில் பேசுகிற ஆளுக்குத் தனியாக ஒன்று என்று கணக்குச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. “பேசறதுக்கு எதுக்குங்க தனியா ஒரு ஆளு? எனக்கென்ன வாயில்லீங்களா? அதையும் சேத்து எனக்கே குடுங்க” என்று அடித்துப் பேசி வாங்கிவிட்டேன். பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் அன்றைக்கு பிரியாணி சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த பேரங்களில் எனக்கு ரொம்ப நஷ்டம் வைத்தது அதுதான்.

வேட்பாளர் மலை ஏறவில்லை. கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றுமாம், அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். நானும் ஏஜெண்டும் மேட்டுக்காட்டுக்குப் போனோம். மந்தையில் ஜீப்பை நிறுத்தி, நாட்டின் எதிர்காலம், நிலையான ஆட்சி என்று எழுதிக் கொடுத்ததையெல்லாம் மலையே அதிரும்படி படித்தேன். ஒருவரும் அசையவில்லை. ஊர்க்கவுண்டரின் சம்சாரம் பாப்பாயி பேரிக்காய்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். “அதெல்லாம் கெடக்கட்டுமுங்க. எங்கூருக்கு பஸ்ஸு வருமுங்களா, வராதுங்களா?” என்றாள். ஏஜெண்ட் பின்சீட்டிலிருந்து என் முதுகில் குத்தி, “வரும்னு சொல்லுய்யா” என்றார். மைக் கைக்கு வந்தால் எனக்கு யோசனை நின்றுவிடும். “வரும்! கட்டாயம் வரும்! நான் சொல்றேன், வரும்!” என்று முழங்கினேன்.

அவர்களுக்குள் ஏதோ கூடிப் பேசினார்கள். பிறகு ஊர்க்கவுண்டர் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுவந்து, ஏஜெண்டைத் தாண்டி, நேராக என்னிடம் நீட்டினார். அவர் அதிகம் பேசாத மனுஷர். என் குரலுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து, எடுத்து மென்று, சிவக்கச் சிவக்கச் சிரித்தேன். பாப்பாயி கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே சொன்னாள்: “நொம்ப சந்தோசமுங்க. பேச்சு முடிஞ்சுது. இனி பஸ்ஸு உங்க பொறுப்பு.”

பந்தலில் தகராறு

எங்கள் ஆள் ஜெயித்தார். ஆனால் டெல்லியில் ஆட்சி போய்விட்டது. வடக்கே எல்லா இடத்திலும் தோற்று, இங்கே மட்டும் ஜெயித்த கூத்து அது. நான் அதையெல்லாம் மறந்து டூரிஸ்டுகளோடு வாடகைச் சண்டையில் இருந்தபோது ஒரு நாள் மேட்டுக்காட்டிலிருந்து ஒரு கூட்டம் நடந்தே வந்து ஸ்டாண்டில் என்னைச் சூழ்ந்துகொண்டது. முன்னால் பாப்பாயி. “ஏனுங்க, பஸ்ஸு எங்கீங்க?” என்றாள். “என்னை எதுக்குக் கேக்கறீங்க? எம்.பி.யப் போய்க் கேளுங்க! நான் வெறும் ஜீப்புக்காரன்!” என்று கத்தினேன்.

அவர்கள் கோபப்படவில்லை. பாவம், இவனுக்குத் தெரியவில்லை என்பதுபோலப் பார்த்தார்கள். மற்ற டிரைவர்களும் கூடிவிட, பாப்பாயி எல்லாருக்கும் கேட்கும்படி விளக்கினாள். அவர்கள் ஊரில் பெண் கேட்டு வந்து, பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பரியம் பேசுகிறவன், பேச்சு முடிந்து வெற்றிலை எடுத்துக்கொண்டால், அவன்தான் பிணை. மாப்பிள்ளை வீடு சொன்னதை நாளைக்குச் செய்யாவிட்டால் யாரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டார்கள். பேசினவன் வீட்டுக்குத்தான் போவார்கள். எம்.பி. என்கிற மாப்பிள்ளையை அவர்கள் பார்த்ததே இல்லை. பேசினது நான், வெற்றிலை எடுத்தது நான்.

சரி, அரசியலைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, இங்கே நாம் ஜெயித்தோம், ஆனால் டெல்லியில் தோற்றோம், அதனால் நம்மாள் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அங்கே அவர் சொன்னால் எடுபடாது என்று பொறுமையாக விளக்கினேன். பொறுமை எனக்குப் பழக்கமில்லாத வேலை, வேர்த்துவிட்டது. பாப்பாயி முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “பொண்ணு ஊட்டுல சம்மதம், மாப்பிள்ள ஊட்டுல சம்மதம், பந்தல்ல போட்டிக்காரன் வந்து ஒக்காந்துட்டான்ங்கறீங்க. அதுக்குப் பேசுனவருதானுங்களே வழி சொல்லோணும்?”

அந்த வாய்

மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, டெல்லியில் ஆட்சி கவிழ்ந்து மறுபடி எலெக்ஷன். இந்தத் தடவை டெல்லிக் கட்சி பஸ் ஸ்டாண்டுக் கட்சியோடு சேர்ந்துகொண்டது. ஏரிக்கரை ஆபீஸில் என் வாடகையைக் குறைக்கப் பார்த்தார்கள். நான் கோபித்துக்கொண்டு எதிர் ஆபீஸுக்குப் போய்விட்டேன். என் கொள்கை மாற்றம் அவ்வளவுதான். ஜீப்பின் முன்னால் கட்டியிருந்த இரண்டு கொடிகளில் ஒன்று அப்படியே இருந்தது, இன்னொன்றை மட்டும் அவிழ்த்து வேறு கட்டினேன்.

புது ஏஜெண்ட் எழுதிக் கொடுத்த பேச்சை முன்கூட்டியே படித்துப் பார்க்கிற வழக்கம் எனக்கில்லை. மேட்டுக்காட்டு மந்தையில் நின்று, “உங்கள் ஊருக்கு பஸ் விடுவோம் என்று பொய் சொல்லி ஓட்டு வாங்கியதே ஒரு வாய், அந்த வாய் இன்று எங்கே?” என்று கையை ஆட்டி முழங்கியபோதுதான் என்ன படிக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. பாப்பாயி எழுந்து, “அந்த வாயி இங்கதானுங்க இருக்குது. மைக்குக்குப் பக்கத்துலயே இருக்குது” என்றாள். ஊர் மொத்தமும் சிரித்தது. ஏஜெண்டும் சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“சிரிக்காதீங்க! பஸ்ஸு வர்ற வரைக்கும் சந்தைக்குச் சந்தை என் ஜீப்பு உங்கூருக்கு வரும்! ஒரு பைசா வேண்டாம்!” என்று கத்தினேன். “கட்சி அதுக்கெல்லாம் பொறுப்பேத்துக்காதுய்யா” என்று பதறி ஏஜெண்ட் மைக் வயரைப் பிடுங்கினார். என் தொண்டைக்கு மைக் தேவையே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. கூட்டத்தில் சிரிப்பு நின்றது. அதுவரை வாயே திறக்காத ஊர்க்கவுண்டர் முதல் தடவையாகப் பேசினார்: “செரீங்க. வெள்ளனவே வந்துருங்க.”

நம்ம வண்டி

அந்த எலெக்ஷனில் தொகுதி கை மாறியது. ஏரிக்கரையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போயிற்று. என் ஜீப் மட்டும் எங்கேயும் மாறாமல் சந்தை நாளெல்லாம் மேட்டுக்காட்டுக்குப் போயிற்று. பலாப்பழம், மிளகு மூட்டை, கால் கட்டிய கோழி, ஒரு தடவை கிடாய்க்குட்டி. வீட்டில் என் சம்சாரம் முதலில் சண்டை போட்டாள், பிறகு அலுத்துப்போய், “ஓட்டு வாங்குனவங்க டெல்லில, ஓட்டுப் போட்டவங்க வண்டில, நீங்க மட்டும் ஏனுங்க மூட்டைக்கடியில?” என்று கேட்பதோடு விட்டுவிட்டாள்.

ஒரு சந்தை நாளில் மெட்ராஸிலிருந்து வந்த புதுக் கல்யாண ஜோடி கரடியூர் காட்சிமுனையைப் பார்க்க ஜீப் கேட்டார்கள். நல்ல வாடகை, விட மனசில்லை. போகிற வழிதானே என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். அவர்களையும் வைத்துக்கொண்டே மேட்டுக்காடு வரை போய்த் திரும்பும்போது ஊர் ஜனங்கள் வழக்கம்போல ஏறினார்கள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு பலாப்பழம் உட்கார்ந்தது. மாப்பிள்ளை கோபமாக, “முழு வண்டியும் எங்களுக்குன்னுதானே பேசினீங்க, யார் இவங்கல்லாம்?” என்று என்னிடம் கேட்க, பாப்பாயி அந்தப் பெண்ணின் கையில் ஒரு பேரிக்காயைத் திணித்தாள்: “நல்லா நெருங்கி ஒக்காரு கண்ணு, கூச்சப்படாத. இது நம்ம வண்டிதான்.”

வந்தாலும் போச்சு

வாசகர்களே, என் கஷ்டத்தின் முழு அழகையும் நீங்கள் இங்கேதான் பார்க்க வேண்டும். மேட்டுக்காட்டுக்கு ஓசியில் ஓட்டினேனே தவிர, மற்ற நாட்களில் அந்த வழியில் இருந்த ஊர்க்காரர்களும் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர்களும் கொடுத்த காசில்தான் என் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வழிக்கு வேறு வண்டி கிடையாது. ஒரு பஸ் வந்தால் மேட்டுக்காட்டோடு நிற்காது, வழியில் கை காட்டுகிற எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். அதாவது, நான் எந்த பஸ்ஸுக்குப் பிணையோ, அந்த பஸ்தான் என் சோற்றில் கை வைக்கப்போகிற பஸ். இதை எனக்கு எடுத்துச் சொன்னவன் ஸ்டாண்டில் என் பக்கத்தில் வண்டி போடுகிற கோவாலு. டீயை ஆற்றிக்கொண்டே, ரொம்ப அனுதாபமாகச் சொன்னான்: “மாணிக்கண்ணா, உங்கள மாதிரி ஒரு ஆள நான் பாத்ததில்ல. பஸ்ஸு வந்தா பொழப்புப் போச்சு, வராட்டி மானம் போச்சு.”

பழைய பாக்கி

அடுத்த எலெக்ஷனில் டெல்லிக் கட்சியே நேராக நின்றது, பழையபடி ஏரிக்கரையோடு கூட்டு. அவிழ்த்த கொடியை மறுபடி கட்டினேன். இந்தத் தடவை ஏஜெண்டிடம், “பஸ்ஸத் தவிர எதை வேணும்னாலும் பேசறேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் மந்தையில் நான் மைக்கை எடுத்ததுமே பாப்பாயி கையைக் காட்டி நிறுத்தினாள். “நீங்க பேசாதீங்க. நீங்க பழைய பாக்கி. மைக்க அவருகிட்டக் குடுங்க.”

படித்த ஏஜெண்ட். தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் என்பது மாநில சர்க்கார் விஷயம், எம்.பி.க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, அவர் வேலை டெல்லியில் சட்டம் செய்வது என்று அழகாக விளக்கினார். நான் ஜீப்பிலிருந்து குதித்தேன். “யோவ்! இத மொத எலெக்ஷன்லயே ஒருத்தனாச்சும் சொல்லியிருக்கக் கூடாதாய்யா? எத்தன வருசமா நான் பலாப்பழம் சொமக்கறேன் தெரியுமா?” என்று அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். மைக் அணைக்கப்படவில்லை. நான் திட்டிய திட்டெல்லாம் எங்கேயோ இருக்கிற தலைச்சோலை ஊர் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். ஏஜெண்ட் என்னை அங்கேயே வேலையை விட்டு நீக்கிவிட்டு, என் ஜீப்பிலேயே ஊர் வரைக்கும் வந்தார். பாப்பாயி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது: “பாத்தியா, வேற ஆளு வந்தா எப்பிடின்னு. நம்ம மைக்காரரு எவ்வளவோ தேவல.”

அரிவாள்

கோபம் தணியாமலே மறுநாள் சேலத்துக்கு இறங்கி, பஸ் ஆபீஸில் ஒவ்வொரு மேஜையாகச் சண்டை போட்டு, கடைசியில் ஒரு அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் நல்ல மனுஷர். நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “ரோடு போதும்ங்க. ஆனா ஊர்க்கோடியில பஸ் திரும்ப எடம் இல்ல. அத்தனை தூரமும் பின்னாலயே இறங்க முடியுமா? திரும்ப எடம் குடுத்தா மத்ததப் பாப்போம்” என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஊர்க்கோடியில் இருப்பது பாப்பாயியின் காப்பித் தோட்டம். காய்க்கிற காப்பிச் செடியை யார் வெட்டுவார்கள்? கேட்டேன், கொடுக்கவில்லை என்று சொல்லிவிடலாம்; மானமும் மிஞ்சும், பிழைப்பும் மிஞ்சும். விசில் அடித்துக்கொண்டே மலை ஏறினேன்.

சொன்னேன். பாப்பாயி தோட்டத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “எங்க செடியக் காட்டித் தப்பிச்சுக்கலாம்னு வந்தீங்களா? பஸ்ஸு வர்றதுல உங்களுக்கு இஷ்டமில்லைன்னு எங்க ஊரு கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியுமுங்க” என்றாள். அது அப்பட்டமான உண்மை. அதனால்தான் எனக்கு அப்படிக் கோபம் வந்தது. “யாரு சொன்னது இஷ்டமில்லைன்னு? குடு அருவாள!” என்று அவள் கையிலிருந்ததைப் பிடுங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, கண்மண் தெரியாமல் வெட்ட ஆரம்பித்தேன். கோபம் இறங்கி நிமிர்ந்து பார்த்தபோது, ஒரு பஸ் தாராளமாகத் திரும்புகிற அளவுக்கு என் பிழைப்பை நானே வெட்டிச் சாய்த்திருந்தேன். ஊர்க்கவுண்டர் சுற்றிப் பார்த்தார், ஒரு மூலையைக் காட்டினார். “அந்தப் பக்கம் இன்னுங் கொஞ்சம் வெட்டுங்க. பஸ்ஸு பெருசுங்க.”

இரண்டு ரிப்பன்

பாப்பாயி வீட்டில் இடம் எழுதிக் கொடுத்து, காகிதம் மேஜை மேஜையாக நகர்ந்து, நடுவில் இன்னும் சில எலெக்ஷன்கள் வந்து போயின. டெல்லியில் யார் யாரோ ஏறினார்கள், இறங்கினார்கள். எங்கள் தொகுதியும் கடைசியாக மறுபடி கை மாறியது. அது மாறிய சூட்டில்தான் பஸ் வந்தது. தோற்றுப்போனவர்கள், எங்கள் காலத்தில் கேட்டு வாங்கிய பஸ் என்றார்கள். ஜெயித்தவர்கள், நாங்கள் வந்ததால் வந்த பஸ் என்றார்கள். மேட்டுக்காட்டில் ஆளுக்கொரு ரிப்பன் கட்டி, ஆளுக்கொரு மைக்கில் கத்தினார்கள். நான் மைக் பிடிக்காத முதல் கூட்டம் அது. தூரத்திலிருந்து கேட்டபோதுதான் தெரிந்தது, இத்தனை வருஷம் நானும் இவ்வளவு அசிங்கமாகத்தான் கத்தியிருக்கிறேன் என்று. பஸ் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார், அலுத்துப்போய் இரண்டு ரிப்பனையும் சேர்த்து அறுத்துக்கொண்டு மெதுவாகத் தோட்டத்து இடத்தில் வண்டியைத் திருப்பினார். இரண்டு கட்சிக்காரர்களும் கத்திக்கொண்டே பஸ்ஸுக்குள் ஏற, கண்டக்டர் பையைத் தட்டினார்: “யாரு கொண்டாந்த பஸ்ஸா இருந்தாலும் டிக்கெட் எடுத்துட்டுப் பேசுங்க சாமி.”

முதல் சந்தை

அடுத்து வந்த சந்தை நாளில் பழக்கதோஷத்தில் விடியும் முன்னாலேயே எழுந்து, ஜீப்பைத் துடைத்து, கிளப்பிய பிறகுதான் போவதற்கு ஊர் இல்லை என்று ஞாபகம் வந்தது. ஸ்டாண்டிலேயே நின்றேன். கோவாலு அன்றைக்கு என்னை ஒன்றும் கேலி செய்யவில்லை, டீ வாங்கிக் கொடுத்தான். பஸ் வந்தது. மேட்டுக்காடு மட்டுமில்லை, வழியில் எனக்குக் காசு கொடுத்து ஏறுகிற அத்தனை முகங்களும் அதிலிருந்து இறங்கின. சிலர் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் போனட்டைத் திறந்து, நன்றாக இருந்த எஞ்சினை ரிப்பேர் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

பாப்பாயி கடைசியாக இறங்கினாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். நன்றி ஏதாவது சொன்னால் கத்திவிடுவது என்று தயாராக இருந்தேன். எனக்கு அப்போது நன்றியைக் கேட்கிற தெம்பு இல்லை. அவள் நன்றி சொல்லவில்லை. சந்தைக்கு வந்திருந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும், ஸ்டாண்டு முழுக்கவும் கேட்கும்படி, பரியம் தீர்ந்த வீட்டில் சொல்வதைப்போல நிதானமாகச் சொன்னாள்: “மைக்காரரே, பேச்சுத் தீந்துதுங்க. இனி உங்க ஊட்டு வாசல்ல எங்கூரு ஆளு யாரும் வந்து கேக்கமாட்டம். நீங்க நிமிந்து நில்லுங்க.”

அந்த வழியை விட்டுவிட்டு அதற்கப்புறம் டூரிஸ்டுகளை ஏற்றி, அவர்களோடு சண்டை போட்டுப் பிழைத்துக்கொண்டேன். எங்கள் தொகுதியில் எத்தனை பேர் வந்தார்கள் எத்தனை பேர் போனார்கள் என்று யார் கேட்டாலும், சொன்ன சொல்லோடு கடைசிவரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே மக்கள் பிரதிநிதி, ஒரு ஓட்டும் வாங்காத நான்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்.